மேரியம்மாவா, எந்த சர்ச்?

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு மத்தியானம்.

என் அருமைத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. முட்டிக்குத் தைலம் தடவியே காலத்தை ஓட்டாமல் ஒழுங்காக ஒரு டாக்டரைப் போய்ப் பார். உன் சம்பந்தியம்மாள் சீர்வரிசைக் குத்துவிளக்கைத் தராசில் வைத்துப் பார்த்த கதையைப் படித்துச் சிரித்ததில் இங்கே அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அதற்குப் பதில் நேரில்தான். எழுதினால் உன் மருமகள் படித்துவிடுவாள்.

இங்கே பெரிய சேதி என்னவென்றால், நான் மறுபடியும் மைக் பிடித்துவிட்டேன்.

மார்ச் மாதம் வந்தால் எங்கள் சிப்காட் தொழிற்பேட்டை படும் பாடு உனக்குத் தெரியும். கம்பி உருட்டுகிற கம்பெனியிலிருந்து மருந்து டப்பா செய்கிற கம்பெனி வரைக்கும் மகளிர் தின விழாதான். கோலப் போட்டி, மியூசிக்கல் சேர், ஆளுக்கொரு ரோஜாப்பூ, ஒரு எவர்சில்வர் டப்பா. அப்புறம் ஒரு சிறப்புப் பேச்சாளர். வழக்கமாக யாராவது டாக்டரம்மா வந்து ரத்தசோகை பற்றிப் பேசிவிட்டு டப்பாவோடு கிளம்புவார். இந்த வருஷம் அவரை வேறு யாரோ கொத்திக்கொண்டு போய்விட்டார்கள் போல. ஒரு கம்பெனியின் எச்.ஆர். பையன் எனக்குப் போன் போட்டான். பையன் பெயரும் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம்.

“மேடம், பத்து நிமிஷம் பேசினா போதும். தலைப்பு நாங்களே வெச்சிட்டோம். அர்ப்பணிப்புள்ள மனைவி, அன்பான தாய், சமூகத் தொண்டர். இந்த மூணும் பொருந்துற மாதிரி ஒரு லேடி சொல்லுங்க.”

கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போட வேண்டிய வாசகத்தை மகளிர் தினத்துக்கு ஏன்டா வைத்தாய் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, “ஆத்துப்பாக்கம் அமிர்தத்தைப் பத்திப் பேசட்டுமா?” என்றேன். உனக்கு ஞாபகம் இருக்கும். இங்கே பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். தலித் பெண் என்பதால் 2020 சுதந்திர தினத்தில் கொடி ஏற்ற விடாமல் தடுத்தார்கள். விஷயம் பெரிதாகி, ஐந்தாம் நாள் கலெக்டர் முன்னிலையில் அதே அமிர்தம் கொடி ஏற்றினார். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “காலமாயிட்டவங்களா இருந்தா பெட்டர் மேடம்” என்றான். உயிரோடு இருக்கிற பெண்ணைப் பாராட்டினால்தான் வம்பு வரும். பையன் விவரமானவன்.

காலமானவர்களில் யார் என்று யோசித்தேன். ராத்திரி துணி காயப்போடும்போது மனசுக்குள் வந்து நின்றார் மேரி கிளப்வாலா ஜாதவ். நாம் படித்த மதராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கை 1952இல் தொடங்கி வைத்த அம்மாள். அவர் மட்டும் அந்த வேலையைச் செய்யாமல் இருந்திருந்தால் நீயும் நானும் எழும்பூர் காசா மேஜர் சாலையில் சந்தித்திருப்போமா? உன் சம்பந்தி கதையை நான் யாரிடம் கேட்டிருப்பேன்?

விழா அன்று கேட்டிலேயே செக்யூரிட்டி அண்ணன் ஆரம்பித்துவிட்டார். “மேரியம்மாவைப் பத்திப் பேசப்போறீங்களாமே, எந்த சர்ச் மேடம்?” உள்ளே போனால் கேன்டீன் பெண்கள், “சிஸ்டரா மேடம்?” சர்ச்சும் இல்லை, சிஸ்டரும் இல்லை, பார்சி வீட்டுப் பொண்ணு என்றேன். பார்சி என்றால் யாருக்கும் பிடிபடவில்லை. பேக்கிங் செக்‌ஷனில் ஜார்கண்டிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் மட்டும் கையைத் தூக்கி, “டாடா!” என்றாளே பார்க்கலாம். ஜாம்ஷெட்பூர்ப் பக்கத்துப் பிள்ளைக்குப் பார்சி தெரியாமல் இருக்குமா?

நம் ஊரிலும் பார்சிகளுக்குத் தடயம் இல்லாமல் இல்லை. பீச்சிலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் அடுத்தாற்போல வருகிற ராயபுரத்தில், மேற்கு மாதா கோயில் தெருவில் அவர்களுடைய அக்னிக் கோயில் இருக்கிறது. 1910இல் பிரோஜ் கிளப்வாலா என்பவர், சின்ன வயதில் இறந்துபோன தன் மகன் ஜாலின் நினைவாகக் கட்டியது. அந்த கிளப்வாலா என்ற பெயர்தான் மேரியின் முதல் கணவர் பெயரோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாசலோடு நிற்க வேண்டியதுதான், மற்றவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை.

சரி, அந்த அம்மாள் கதைக்கு வருகிறேன். பிறந்தது 1909, ஊட்டியில். அப்பா ருஸ்தம் படேல். மதராஸ் பார்சிகள் மொத்தமே சில நூறு பேர்தான். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், யார் வீட்டில் என்ன சமையல் என்பது உட்பட. 18 வயதில் நோகி கிளப்வாலாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். 1930இல் ஒரு பையன், குஸ்ரோ. 1935இல் கணவர் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். கையில் ஐந்து வயதுப் பிள்ளை. தனக்கு 26கூட நிறைந்திருக்குமோ என்னவோ.

இதைச் சொல்லும்போது கூட்டத்தைக் கவனித்தேன். அதுவரை ரோஜாப்பூவைக் காம்பு கிள்ளிக் கொண்டையில் செருகுவதில் மும்முரமாக இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் 26 வயது விதவைகளுக்குப் பஞ்சமா? ஜி.என்.டி. ரோட்டில் லாரி அடித்துப் போனவன், குடியில் போனவன், உலை வேலையில் நெஞ்சு கெட்டுப் போனவன் என்று ஒவ்வொருத்தி பின்னாலும் ஒருவன் இருக்கிறான். அவன் போனபிறகு அதே கம்பெனியில், அதே காண்ட்ராக்டரிடம், பெருக்குகிற வேலைக்கோ கேன்டீனுக்கோ வந்து சேர்ந்தவள் இவள்.

மேரிக்கு வசதி இருந்தது, அதை மறைத்துப் பேசக்கூடாது என்று கூட்டத்திலும் சொன்னேன். நாளைக்கு அரிசிக்கு என்ன செய்வது என்ற கவலை அவருக்கு இல்லை. ஆனால் வசதியான வீட்டு விதவைக்கு வேறு மாதிரிச் சிறை இருக்கும். மாடி அறை, ஜன்னல், பூஜை, உறவுக்காரர்களின் உச்சுக்கொட்டல். அதில் போய் உட்காராமல் கில்ட் ஆஃப் சர்வீஸில் சேர்ந்தார். 1923இல் ஆரம்பித்த சங்கம் அது. ஆங்கிலேய பிஷப்பின் மனைவி வாலர் அம்மையார் முன்னின்று நடத்தியது. அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம், பெண்களுக்கு எழுத்தறிவு, உடல் ஊனமுற்றவர்களுக்கு மறுவாழ்வு என்று பின்னாளில் பெரிதாக விரிந்ததற்கு மேரிதான் முக்கியக் காரணம்.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். 1942.

ஏப்ரல் மாதம் ஜப்பான்காரன் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டான். அடுத்தது மதராஸ்தான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. அரசாங்க ஆபீஸ்களையே வெளியூர்களுக்கு மாற்றினார்கள். மிருகக்காட்சி சாலையிலிருந்த புலி சிங்கங்களைச் சுட்டே கொன்றார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று. எங்கள் பாட்டி சொல்வார்கள்: திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோயிலைச் சுற்றி ஒரு வீடும் காலியில்லையாம், திண்ணைக்குக்கூட வாடகை வாங்கினார்களாம். பாட்டி வீட்டிலும் வாங்கினார்களா என்று கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

அந்த 1942இல்தான் மேரி இந்திய உபசரிப்புக் குழு என்று ஒன்றை ஆரம்பித்தார். மதராஸைச் சுற்றி முகாம் போட்டிருந்த இந்தியச் சிப்பாய்களை நினைத்துப் பார். பஞ்சாபி, கூர்க்கா, மராத்தி. ஊர் தெரியாது, பாஷை தெரியாது, சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தால் எட்டிப் பார்க்க நாதி கிடையாது. மேரி எல்லா மதத்து, எல்லா சாதிப் பெண்களையும் சேர்த்தார். நடமாடும் கேன்டீன் ஓட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயம்பட்டவன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவனுக்குக் கைவேலை சொல்லிக் கொடுத்துப் பொழுதைப் போக்கினார்கள். ஊரில் இருக்கிற குடும்பத்துக்கும் உதவி போனது. சண்டை முடிந்தும் விடவில்லை. வேலை இல்லாமல் திரும்பிய சிப்பாய்களின் மறுவாழ்வு வேலையில் இறங்கினார்கள்.

பர்மாவில் ஜெயித்துத் திரும்பிய பதினான்காம் படை அவருக்கு ஒரு ஜப்பானிய வாளைப் பரிசாகக் கொடுத்தது. ஜெனரல் கரியப்பா அவரை ராணுவத்தின் செல்லம் என்று அழைத்தாராம். நமக்கு இத்தனை வருஷ சர்வீஸுக்கு என்ன கொடுத்தார்கள்? சுவர்க் கடிகாரம். உன்னுடையது ஓடுகிறதா? என்னுடையது நின்று வருஷக்கணக்காகிறது.

நான் இதைக் கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த ஜார்கண்ட் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தவள் குசுகுசுவென்று ஹிந்தியில் மொழிபெயர்த்தாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. 1942இல் அந்தச் சிப்பாய் இருந்த நிலையில்தானே இன்று எங்கள் சிப்காட்டில் பாதிப் பேர் இருக்கிறார்கள்? ஒடிசா, பீகார், ஜார்கண்ட். ஷெட்டுக்குள் பத்துப் பேர், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஜுரம் வந்தால் மருந்துக் கடைக்காரனிடம் சைகை.

எங்கள் மாடி வீட்டம்மாவைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனே, ரோலிங் மில்லில் வேலை செய்கிறவர் சம்சாரம், வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். 2020 மே மாதம் வடக்கத்திப் பையன்கள் மூட்டையும் முடிச்சுமாக ஜி.என்.டி. ரோட்டில் ஆந்திரா எல்லை நோக்கி நடந்தார்களே, எளாவூர் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் எத்தனை பேர் வெயிலில் உட்கார்ந்து கிடந்தார்கள்! இந்த அம்மாள் அண்டா நிறையத் தக்காளி சாதம் கிளறி டிவிஎஸ் எக்ஸெல்லில் வைத்துக் கட்டி எடுத்துப் போனார். முதல் நாள் பாதி மிச்சம். அவர்களுக்குக் காரம் தாங்கவில்லை. மறுநாள் சப்பாத்தி, உருளைக்கிழங்கு. சப்பாத்தி தேய்க்க இரண்டு பேரால் முடியுமா? தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி மாவு இவ்வளவு, ஆள் இத்தனை என்று வாங்கிவிட்டார். எனக்கும் ஒரு பலகை வந்து சேர்ந்தது. நான் தேய்த்ததைப் பார்த்து, “மேடம், இது சப்பாத்தியா ஆந்திரா மேப்பா?” என்றார். எல்லை ஊர்க்காரிக்கு வேறு என்ன வரும்?

இன்னொன்றும் கேள். 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. சிப்காட் முழுக்கப் பொரி, கடலை, பூசணிக்காய் உடைத்த ரோடு. ராத்திரி எட்டரை மணி வாக்கில் கவரப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், லூப் லைனில் நின்றிருந்த சரக்கு வண்டியின் பின்னால் போய் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டு ஒன்றுமேல் ஒன்று ஏறின. ஒரு பெட்டி தீப்பற்றியது. உயிர்ச்சேதம் இல்லை என்பது இன்றைக்கும் நம்ப முடியாத விஷயம். பீகாருக்குப் போக வேண்டிய ஜனங்களைக் கல்யாண மண்டபங்களில் தங்க வைத்துச் சாப்பாடு கொடுத்து, பஸ்ஸில் சென்னைக்கு அனுப்பி, விடியற்காலை வேறு ரயிலில் ஏற்றிவிட்டார்கள். அரசாங்கம் செய்தது, ஊர்க்காரர்களும் செய்தார்கள். நம் மாடி வீட்டம்மாவைச் சும்மா இருக்கச் சொல்ல முடியுமா? பூஜைக்கு வைத்த பொரியும் சுண்டலும் அப்படியே பையில் கொட்டி, புருஷனைப் பின்னால் உட்கார வைத்து வண்டியைக் கிளப்பிவிட்டார். மறுநாள், “சரஸ்வதிக்கு வெச்சதை எடுத்துட்டியேன்னு அத்தை பேசறாங்க மேடம். பசிச்ச குழந்தை கேட்டா சரஸ்வதி வேணாம்னு சொல்லுமா?” என்று என்னிடம் நியாயம் கேட்டார். மாமியார் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாராம்.

இந்த அம்மாளுக்கும் மேரிக்கும் மனசு ஒன்றுதான். வித்தியாசம் எங்கே என்றால், மேரி ஒரு குழு அமைத்தார். யார் எந்தக் கிழமை, எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு பணம் வந்தது, எதற்குப் போனது என்பதற்கு ஒழுங்கு இருந்தது. அதனால் ஒருவர் ஊருக்குப் போனாலும் கேன்டீன் வண்டி நிற்கவில்லை. எங்கள் மாடி வீட்டம்மாவுக்கு டெங்கு வந்த அந்த மாதம் தெருவில் ஒன்றுமே நடக்கவில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எழுதுகிறாரா என்றால், பால் கணக்கு எழுதுகிறார்.

இப்போது உனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன், கல்யாணக் கதை.

மேரி மறுமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை மேஜர் சந்திரகாந்த் ஜாதவ், ராணுவக்காரர், சமூக சேவையில் அவருக்கும் ஈடுபாடு. பார்சிப் பெண், மராட்டிய மாப்பிள்ளை, அந்தக் காலத்து மதராஸ். ஊர் எத்தனை வாய் பேசியிருக்கும் என்று உனக்கும் எனக்கும் சொல்லித் தர வேண்டாம். அவரோ முதல் கணவர் பெயரையும் விடவில்லை, இரண்டாவது கணவர் பெயரையும் விடவில்லை. மேரி கிளப்வாலா ஜாதவ் என்று இரண்டையும் வரிசையாகப் போட்டுக்கொண்டு கடைசிவரை நடந்தார். எனக்கு அந்த அம்மாளிடம் பிடித்தது வாளைவிட இதுதான்.

விழாவுக்கு முந்தின நாள் நோட்டீஸ் போர்டில் போட என்னிடம் குறிப்பு வாங்கினார்கள். விழா அன்று பார்க்கிறேன், மறுமண வரியைக் காணோம்! பையனைக் கூப்பிட்டுக் கேட்டால் நெளிகிறான். “இல்ல மேடம்... அர்ப்பணிப்புள்ள மனைவின்னு தலைப்பு போட்டுட்டு... லேடி ஒர்க்கர்ஸ் முன்னாடி எதுக்குன்னு ஜி.எம். சார் ஃபீல் பண்ணாரு.” விட்டேனா? மைக் கையில் வந்ததும் அந்த வரியைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ஜி.எம். சார் தண்ணீர் பாட்டிலின் லேபிளை மும்முரமாகப் படித்தார்.

முடிந்து டீ குடிக்கும்போது கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். முப்பது வயது இருக்கும். புருஷன் இல்லை என்று தெரியும். ராணுவ வாளும் பத்ம விருதும் அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“மேடம், ரெண்டாவது கல்யாணத்துக்கு அவங்க பையன் ஒத்துக்கிட்டானா?”

“அதை விடு. உன் பையன் ஒத்துக்குவானா, அதைச் சொல்லு” என்றேன்.

அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். “அய்ய, போங்க மேடம்” என்று சிரித்துவிட்டு ஓடினாள். ஸ்டோர்ஸில் ஒரு மனிதர் இரண்டு வருஷமாக டீ குடிக்கக் கேன்டீனுக்கு மட்டும் தனியாக வருகிறாராம். இதை எனக்குச் சொன்னது செக்யூரிட்டி அண்ணன். கேட்டில் நிற்கிறவருக்குத் தெரியாத ரகசியம் எந்தக் கம்பெனியில் இருக்கிறது? விஷயம் கனிந்தால் தந்தி கொடுக்கிறேன். தந்திதான் எடுத்துவிட்டார்களே, வாட்ஸ்அப்.

நம் கதையும் இதில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் எப்படி? மேரி தொண்டு செய்தார் என்று நிறுத்தினால் அது பாதிக் கதை. நல்ல மனசுள்ள சீமாட்டிகள் ஓய்ந்த நேரத்தில் செய்கிற காரியமாக இது இருந்தால் போதாது, படித்துப் பயிற்சி எடுத்துச் சம்பளம் வாங்கிச் செய்கிற வேலையாக வேண்டும் என்று நினைத்தார். கில்ட் ஆஃப் சர்வீஸும் இந்திய சமூகப் பணி மாநாடு என்ற அமைப்பின் மதராஸ் கிளையும் சேர்ந்துதான் நம் ஸ்கூலை உருவாக்கின. தென்னிந்தியாவில் அப்படியொரு பள்ளி அதற்குமுன் கிடையாது. அதற்குச் சில வருஷம் முன்புதான் 1948 தொழிற்சாலைகள் சட்டம் வந்திருந்தது. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலையில் நல அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்றது அதன் 49ஆவது பிரிவு. சட்டம் ஆள் கேட்டது, மேரியின் பள்ளி ஆள் கொடுத்தது. 1971இல் சிப்காட் வந்து, பிறகு கும்மிடிப்பூண்டிச் சவுக்குத் தோப்புப் பக்கமெல்லாம் புகைபோக்கி முளைத்தபோது, நம்மைப் போல ஒரு கூட்டம் கையில் பட்டத்தோடு எழும்பூரிலிருந்து ரயிலேறியது.

என் முதல் கம்பெனியில் பிள்ளைக் காப்பகம் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்றது அந்தச் சட்டத்தின் 48ஆவது பிரிவு. சுவரில் மிக்கி மவுஸ், மூலையில் ஒரு ஊஞ்சல், கதவில் பூட்டு. இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் திறப்பார்கள், மேனேஜர் டிரைவரின் பிள்ளையை ஊஞ்சலில் உட்கார வைப்பார்கள். சாவியை வாங்க நான் பட்ட பாட்டை உனக்கு அப்போது பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். வாங்கித் திறந்த அன்று முதலில் வந்த குழந்தை இன்று பொன்னேரியில் நர்ஸ். பஸ்ஸில் பார்த்தால் எழுந்து இடம் கொடுக்கும்.

நல அலுவலர் என்ற பெயரே இப்போது யார் வாயிலும் இல்லை. எச்.ஆர்.தான். எங்கள் காலத்தில் வேலை முடிந்தால் தொழிலாளி வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம். இப்போது ஆள் வரவில்லை என்றால் காண்ட்ராக்டருக்கு மெயில் போகிறது. ஆள் போனதும் மாற்று ஆள் வருகிறது. நிரந்தரத் தொழிலாளிக்கு இருக்கிற கேன்டீன் டோக்கன் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு வேறு நிறத்தில் இருக்கிறது, தெரியுமா உனக்கு? வடக்கத்திப் பிள்ளைகளுக்கு எந்த நிறம் என்று கேட்காதே. ஒவ்வொரு கம்பெனியிலும் மேரியின் உபசரிப்புக் குழு மாதிரி ஒன்று, ஹிந்தியும் ஒடியாவும் தெரிந்த நாலு பெண்களை வைத்து, ஏன் ஆரம்பிக்கக்கூடாது என்று பேச்சின் கடைசியில் கேட்டேன். ஜி.எம். சார் கைதட்டினார். கைதட்டுவதற்குச் செலவில்லையே.

மிச்ச விவரமெல்லாம் மளமளவென்று சொல்லி முடித்தேன்: 1956இல் மதராஸ் ஷெரீப். பத்மஸ்ரீ 1955, பத்மபூஷண் 1968, பத்மவிபூஷண் 1975. அந்த 1975லேயே காலமானார். விருதுப் பட்டியல் வாசிக்கும்போது கூட்டம் டப்பாவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கும் அதில் பெரிய ருசி இல்லை.

தலைப்புக்கு அவர் பொருந்தினாரா என்று நீ கேட்பாய். மனைவி, சரி, இரண்டு முறை. தாய், சரி. ஆனால் அவர் செய்ததில் பெரிய காரியங்கள் எல்லாம் முதல் கணவர் போனபிறகு தொடங்கியவை. அந்த மூன்று பட்டத்தில் மனைவியை முதலில் போடுவதுதான் எனக்குச் சண்டை. நம் பக்கத்தில் ஒரு பெண் ஊருக்கே சமைத்துப் போட்டாலும், ஆற்றில் வெள்ளம் வந்தபோது தெருவையே மாடியில் ஏற்றிக் காப்பாற்றினாலும், போஸ்டரில் அவள் இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாய். தொண்டு கடைசி வரியில், இடம் இருந்தால். எழுத்தை எண்ணிக் காசு வாங்குகிற பேனர் கடைக்காரன் முதலில் வெட்டுவதும் அந்த வரியைத்தான்.

இன்னொரு வேடிக்கை தெரியுமா? சிப்காட் தலைமை அலுவலகமும் எழும்பூரில்தான் இருக்கிறது, நம் ஸ்கூலுக்கு அதே பின்கோடு. அது இருக்கிற தெருவுக்கு ருக்மிணி லட்சுமிபதி சாலை என்று பெயர். பழைய மார்ஷல் ரோடு. ருக்மிணி, ஆயுர்வேத டாக்டர் அச்சண்ட லட்சுமிபதியின் மனைவி. 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஜெயிலுக்குப் போனவர், சுதந்திரத்துக்கு முன்பே மதராஸ் மாகாணத்தில் மந்திரியான முதல் பெண். சிப்காட் கம்பெனி லெட்டர்கள் எத்தனையோ அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு போகின்றன. யார் இந்த அம்மாள் என்று எச்.ஆர். பையனைக் கேட்டேன். “ரோடு மேடம்” என்றான்.

அதனால் அடுத்த மார்ச்சுக்கு ருக்மிணி லட்சுமிபதி என்று அவனிடம் சொல்லிவிட்டேன். பேச்சாளர் என்று உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன், போன் நம்பரும். முட்டி வலி என்று தப்பிக்கப் பார்க்காதே. கோவையிலிருந்து சென்ட்ரல் வந்து, மூர் மார்க்கெட் பக்கம் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடி. திருவள்ளூர் வண்டியில் மட்டும் ஏறிவிடாதே, மாவட்டத் தலைநகர் என்று பெயர்தான், பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் அது வேறு திசையில் போய்விடும். கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் எந்தக் கட்சி என்று கேட்பார், பதில் தயாராக வைத்துக்கொள். எவர்சில்வர் டப்பா உனக்கு, ரோஜாப்பூ எனக்கு.

உன் அன்புத் தோழி.

பி.கு.: ஸ்டோர்ஸ்காரர் கேன்டீன் பெண்ணின் பையனுக்கு ஸ்கூல் பை வாங்கிக் கொடுத்தாராம். பையன் வாங்கிக்கொண்டானாம்.